தம்பி அத்தை வீட்டுக்குப் போன வருஷம்

போன மாதம் நாம் பள்ளித் தோழிகள் எல்லாம் கூடிச் சாப்பிட்டோமே, அன்றைக்குச் சர்க்கரை, முழங்கால் வலி, பிள்ளைகளின் காலேஜ் என்று சுற்றிவந்த பேச்சு கடைசியில் யாரோ ஒருவருடைய மருமகளிடம் போய் நின்றது. பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்த பெண், குழந்தையைத் தொடாமல் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறாளாம். மனநல டாக்டரிடம் கூட்டிப்போகிறார்களாம்.

"நம்ம அம்மாங்க காலத்துல இதெல்லாம் ஏதுடி? பெத்துட்டு வந்து மறு வாரமே துணி துவைச்சாங்க," என்று உங்களில் ஒருத்தி சொன்னாள். எல்லாரும் தலையாட்டினீர்கள். அதற்குள் பில் வந்துவிட்டது, பேச்சு கலைந்தது.

நம் அம்மாக்கள் காலத்திலும் இருந்தது. எங்கள் வீட்டிலேயே இருந்தது. அந்த வருஷம் நீங்கள் எல்லாரும் என் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். அம்மாவுக்கு அல்சர், ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று உங்களிடம் சொன்னேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அது அல்சர் அல்ல.

காவேரித் தண்ணீர்க் கலாட்டாவில் ஊரில் தமிழர்கள் அடிபட்ட மறு வருஷம் அது. விவேக் நகரில் சர்ச்சுக்குப் பின்பக்கத் தெருவில் குடியிருந்தோம். வாடகை வீடு. முன்னால் சிறிய சிமெண்ட் முற்றம், முற்றத்துக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி, அதற்கு ஒரு இரும்பு மூடி. சம்ப் என்று நாம் சொல்வோமே, அதுதான். குழாயில் தண்ணீர் வரும் நாளில் மூடியைத் திறந்து வைத்துத் தொட்டி நிரம்புகிறதா என்று எட்டிப் பார்ப்பது என் வேலை. குனிந்தால் முகத்தில் குளிர்ச்சி அடிக்கும். நாம் பேசுவது உள்ளே போய்த் தடித்த குரலாகத் திரும்பி வரும்.

அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அம்மா பக்கத்துத் தெரு நர்சரி ஸ்கூலில் மிஸ். தெருவில் காய் விற்பவர் முதல் ஆட்டோக்காரர் வரை எல்லாருக்கும் அவள் மிஸ்தான். ஃபிளானல் துணியில் யானை, கோழி, முயல் எல்லாம் வெட்டிப் பெரிய பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பாள். சொரசொரப்பான பலகையில் அவற்றை ஒட்டிக் கதை சொல்வாள். யானை கோழியிடம் கோபித்துக்கொண்டு போகும் கதையை அவள் சொன்னால் சிரிக்காத பிள்ளை கிடையாது. அந்த டப்பா எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ முறை தேடியிருக்கிறேன்.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு கரு கலைந்தது. வியாழக்கிழமை தவறாமல் அந்தச் சர்ச்சில் நவநாள் ஜெபத்துக்குப் போவாள். கூட்டத்தில் என்னை இடுப்போடு அணைத்துக்கொண்டு நிற்பாள். மெழுகுவத்தி உருகும் வாசனையும், ஈரக் குடைகளின் வாசனையும், முன்னால் நிற்பவர்களின் மல்லிகைப்பூவும் கலந்து வரும். எனக்கு ஒன்பது வயதானபோது அம்மா மறுபடி உண்டானாள். தெருவே சந்தோஷப்பட்டது. ஆண்பிள்ளை பிறந்ததும் அப்பா மைசூர்பாகு வாங்கி வீடு வீடாகக் கொடுத்தார். கேட்டு வாங்கின பிள்ளை என்று எல்லாரும் சொன்னார்கள். கேட்டு வாங்கின பிள்ளை என்பதுதான் பிறகு அம்மாவின் கழுத்தில் கல்லாகக் கிடந்தது.

அம்மாவுக்குத் தாய் இல்லை. அதனால் பிரசவம் பார்க்க அப்பாவின் அக்கா, என் அத்தை, கே.ஜி.எஃப்பிலிருந்து வந்தாள். அத்தைக்குக் குழந்தை இல்லை. மாமாவுக்கு அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை. அத்தை பெரிய உடம்புக்காரி, சுறுசுறுப்பு, சத்தமான குரல். வந்த அன்றே நடு அறையை எடுத்துக்கொண்டாள். ஜன்னலைச் சாத்தி இடுக்கில் துணி அடைத்தாள். அம்மாவின் காதில் பஞ்சு, தலையில் துண்டு, வயிற்றில் இறுக்கிக் கட்டிய பழைய வேட்டி. வெளியே ஜூலை மாதத் தூறல். உள்ளே சாம்பிராணிப் புகை, பூண்டு, புளித்த பால். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கதவைத் திறந்தால் எனக்குக் கண் எரியும்.

முதலில் யாரும் எதையும் கவனிக்கவில்லை. அம்மா அழுதாள். "சந்தோஷத்துல அழுவுறா," என்றாள் அத்தை. அப்புறம் பால் கட்டியிருக்கிறது, அதனால் அழுகிறாள் என்றார்கள். அப்புறம் தூக்கமில்லை, அதனால் என்றார்கள். ஆனால் குழந்தை தூங்கும்போதும் அம்மா தூங்கவில்லை. கண்ணைத் திறந்தபடி மின்விசிறியின் இறக்கையைப் பார்த்துப் படுத்திருப்பாள். அதைப் போடக் கூடாது என்று அத்தை சொல்லியிருந்ததால் அது சுற்றாது. சுற்றாத விசிறியை ஒருவர் அவ்வளவு நேரம் பார்ப்பது எனக்கு விளையாட்டாகத் தெரிந்தது. நானும் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன்.

"என்னம்மா பாக்கறீங்க?"

விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "இவன் யாரோ நல்லவங்க வீட்டுக்குப் போக வேண்டியவன்டி. வழி தப்பி இங்க வந்துட்டான்."

"அப்போ திருப்பிக் குடுத்துடலாமா?" என்றேன். வேடிக்கைக்குத்தான் கேட்டேன். அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பி, நான் ஏதோ பெரியவள் போல, "யார்கிட்ட?" என்று கேட்டாள். உண்மையாகவே கேட்டாள்.

அத்தை குழந்தையைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் வைப்பாள். அம்மா அதை யாருடைய பையையோ கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொன்னது போல வைத்திருப்பாள். அவன் பால் குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கண்ணீர் வழியும், துடைக்க மாட்டாள். பார்க்க வந்த பெண்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். ஒருத்தி கண்ணு பட்டிருக்கிறது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். இன்னொருத்தி, படித்து வேலைக்குப் போனவளுக்கு வீட்டில் கிடக்க முடியவில்லை, அதான் என்றாள்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய பொறாத தன்மை எனக்கு இப்போது புரிகிறது. வாழ்நாளெல்லாம் கேட்டும் கிடைக்காத ஒன்று இன்னொருத்தியின் மடியில் கிடக்க, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எப்படி இருக்கும்?

"இன்னாடி உனுக்குக் குறை? ஆண்டவன் கண்ணைத் தொறந்து குடுத்திருக்கான். எத்தினி பேரு இல்லாம கெடக்கறாங்க தெரியுமா? கொழுப்புடி. வேற ஒண்ணும் இல்ல."

"இல்ல அண்ணி," என்பாள் அம்மா. "குறை எதுவும் இல்ல அண்ணி." சொல்லிவிட்டு மறுபடி அழுவாள்.

அப்பாவுக்குக் கத்தத் தெரியாது. ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது, டிபன் கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று கெஞ்சினார். "எனக்காகவாவது கொஞ்சம் சந்தோஷமா இரேன். வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க." அம்மா சரி என்று தலையாட்டினாள். அன்று முழுவதும் முயற்சி செய்தாள். வந்தவர்களைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த ஒரு பெண் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அப்புறம் ஒரு ஜெபக்காரம்மாவை வரவழைத்தார்கள். அத்தைக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர். வெள்ளைப் புடவை, கையில் பெரிய கறுப்புப் பை. அம்மாவை நடு அறையில் முழங்காலிட வைத்தார். தலையில் இரண்டு கையையும் வைத்து அழுத்தி, சத்தமாகச் சத்தமாக, உள்ளே இருப்பது எதுவோ அது வெளியே போகட்டும் என்று கத்தினார். எங்கள் தெருவில் அப்படிச் சத்தம் கேட்டதில்லை. வாசலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அம்மாவிடம் ஏபிசிடி படித்த பிள்ளைகள்.

"பேரு சொல்லு! உன் பேரு இன்னா?" என்று உலுக்கினார் ஜெபக்காரம்மா.

அம்மா பயந்துபோய்த் தன் பெயரைச் சொன்னாள். அது அவர் கேட்ட பெயர் இல்லை போலிருக்கிறது. மறுபடி உலுக்கினார். அம்மா மறுபடி தன் பெயரையே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குச் சொல்வது போல, மெதுவாக, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். தலையிலிருந்த துண்டு அவிழ்ந்து விழுந்தது. முடியெல்லாம் கொட்டி நெற்றி பெரிதாகியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவள் அழுவது நின்றுவிட்டது. ஜெபம் வேலை செய்துவிட்டது என்று அத்தை சொன்னாள். அப்பா நிம்மதியாகத் தூங்கினார். எனக்கு மட்டும் அம்மா முன்பைவிடத் தூரமாகப் போய்விட்டது போல இருந்தது. அழுதபோது கூப்பிட்டால் திரும்புவாள். இப்போது திரும்பவில்லை.

தண்ணீர் வரும் நாள் ஒன்றில் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மழை விட்டு வெயில் அடித்தது. முற்றத்தில் சம்ப் மூடி திறந்திருந்தது. அதன் விளிம்பில் அம்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலும் உள்ளே தொங்கின. மடியில் தம்பி. தலைத்துண்டு இல்லை, காதில் பஞ்சு இல்லை. வெகு நாளைக்குப் பிறகு வெயிலில் அம்மாவைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம். பையை எறிந்துவிட்டுப் பக்கத்தில் போனேன்.

"அம்மா, பசிக்குது."

"உள்ள போம்மா. கதவைச் சாத்திக்கோ."

"நீங்க வந்து குடுங்க."

"நீ போ. சாத்திட்டு உள்ளேயே இரு. நான் கூப்பிடற வரைக்கும் வராத."

குரலில் கோபமே இல்லை. எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவ்வளவு சாந்தமாகப் பேசினாள். நான் போகவில்லை. பசி இருந்தது, அம்மாவின் பக்கத்தில் உட்கார ஆசையும் இருந்தது. அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். புடவையின் கீழ்ப்பகுதி நனைந்திருந்தது. தம்பி விழித்திருந்தான். தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக் கையை ஆட்டினான். அம்மாவின் உடம்பு முழுக்கச் சன்னமாக நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர் என்று நினைத்தேன்.

அப்போது எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு சத்தம். அங்கே ஒரு கன்னட ஆன்ட்டி இருந்தார். துணி காயப் போட வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டார். அவர் எப்படி அந்தப் படியெல்லாம் இறங்கி, தெருவைக் கடந்து, கேட்டைத் திறந்து வந்தார் என்று தெரியவில்லை. வந்த வேகத்தில் தம்பியை அம்மாவின் மடியிலிருந்து எடுத்து என் கையில் போட்டார். அம்மாவை அக்குளில் கைகொடுத்து இழுத்துத் தரையில் சாய்த்தார். மூடியைக் காலால் தள்ளிச் சாத்தி, அதன்மேல் தொம்மென்று உட்கார்ந்து, அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"என்னால முடியல," என்றாள் அம்மா. "என்னால முடியல. என்னால முடியல." அவ்வளவுதான் சொன்னாள். ஆன்ட்டி அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். இருவரும் அழுதார்கள். நான் தம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் கனமாக இருந்தான்.

அத்தை திரும்பி வந்தபோது ஆன்ட்டி மூடியைவிட்டு எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார். பிள்ளை பெற்றவளைக் கன்னடத்தில் பாணந்தி என்பார்கள். "இது பாணந்தி சன்னிம்மா. எங்க தங்கச்சிக்கு வந்துது. நாங்க பூஜை பண்ணினோம், தாயத்து கட்டினோம். எல்லாம் ஆயித்து. கெணத்துல வுழுந்துட்டா. இவங்களை டாக்டர்கிட்ட கூட்டினு போங்க." அதற்குமேல் அவருக்குத் தமிழ் வரவில்லை. பேகா, பேகா, சீக்கிரம் சீக்கிரம் என்று கன்னடத்திலேயே கெஞ்சினார்.

சாயங்காலம் அப்பா வந்ததும் பேச்சு நடந்தது. அத்தை அழுதாள், கத்தினாள். "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா? இன்னா பேசற நீ? நாளைக்கு இந்தப் பொண்ணுக்கு எவன்டா வருவான்? பைத்தியக்காரி பெத்ததுன்னு ஊரே சொல்லும்." விரல் என்னைக் காட்டியது. நான் சுவரோரம் பன்னைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நிமிஷம் முதல் அம்மாவின் வியாதி என் கல்யாணத்தின் விஷயமாகிவிட்டது.

அப்பா ஆஸ்பத்திரியைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிள்ளையை அத்தை கொண்டுபோய் வைத்துக்கொள்வது, அம்மா தேறிய பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அம்மாவை யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அத்தை தம்பியை மஞ்சள் சால்வையில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். பால் புட்டி, பால்பவுடர் டப்பா, வெள்ளிப் பாலாடை எல்லாம் ஒரு பையில். அம்மா வாசல் வரை வந்து நின்று பார்த்தாள். ஆட்டோ திரும்பி மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்தது. குனிந்து அதைப் பார்த்தாள். அப்போதுதான் அலறினாள்.

அந்த அலறலை என்னால் எழுத முடியாது.

பிள்ளையை எடுத்துப்போனால் சரியாகிவிடும் என்று நினைத்தார்கள். அம்மா சாப்பாட்டை நிறுத்தினாள். தான் கொலைகாரி, அதனால்தான் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று அறை மூலையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். மார்பில் பால் கட்டி, காய்ச்சல் வந்து, தொட்டால் துடித்தாள். அப்பா லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் ஒருநாள் காலை அவரே எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். ஆன்ட்டி அந்தப் படிகளில் மறுபடி இறங்கி வந்தார். மூவரும் ஆட்டோவில் மனநல ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போகும்முன் அப்பா என்னிடம் குனிந்து, "ஸ்கூல்ல கேட்டா அல்சர்னு சொல்லும்மா," என்றார்.

ஒருமுறை என்னை அங்கே கூட்டிப்போனார்கள். பெரிய பெரிய மரங்கள். வராந்தாவில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்த வரிசையில் இருந்தாள். மாத்திரையால் முகம் உப்பி, நாக்கு தடித்து, வார்த்தை மெதுவாக வந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்துப் பெண்ணிடம், "என் பொண்ணு," என்றாள். தம்பியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க அவளுக்குப் பயம்.

அவள் வீட்டுக்கு வந்தபோது மழை முடிந்திருந்தது. ஆட்களைப் பார்த்தால் உள்ளே போய்விடுவாள். நர்சரி ஸ்கூலில் வேலை போயிற்று. பிள்ளைகள் இருக்கிற இடம், பெற்றோர் ஏதாவது சொல்வார்கள் என்று நல்லபடியாகச் சொல்லி அனுப்பினார்கள். தெருவில் மிஸ் என்று கூப்பிடுவதும் நின்றுபோயிற்று. ஆனால் உள்ளுக்குள் அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாள். ஒருநாள் சாம்பாரைச் சுவைத்துவிட்டு உப்பில்லை என்றாள். ஒருநாள் என் சடையைப் பிரித்து, யார் இப்படிக் கோணலாகப் பின்னினது என்று அப்பாவைக் கோபித்தாள். இன்னொரு நாள் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, "அவன் இப்போ உட்காருவானா?" என்று கேட்டாள்.

அப்பா, "கொஞ்ச நாள் போகட்டும்," என்றார். அவள் கேட்ட ஒவ்வொரு முறையும் அதையே சொன்னார்.

கிறிஸ்துமஸ் போனது, ஈஸ்டர் போனது. பரீட்சை லீவில் ஒருநாள், அப்பா வேலைக்குப் போனதும், அம்மா நல்ல புடவை ஒன்றை உடுத்திக்கொண்டாள். என்னையும் கிளப்பினாள். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். பங்காருப்பேட்டை தாண்டும்வரை அவள் கையில் ஒரு கிலுகிலுப்பையை வைத்து உருட்டிக்கொண்டே வந்தாள். சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேடுகள் சாம்பல் நிறத்தில் தெரிந்ததும் புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் அத்தையின் லைன் வீட்டு வாசலில் தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். கொழுகொழுவென்று இருந்தான். கண்ணில் மை, கன்னத்தில் பொட்டு, இடுப்பில் வெள்ளி அரைஞாண். அம்மா அவனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டினாள். அவன் பார்த்தான். அவள் கையை நீட்டியதும் உதடு பிதுங்கியது. வீலென்று அழுதுகொண்டு திரும்பி, உள்ளேயிருந்து வந்த அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டான். அத்தை தூக்கியதும் அழுகை நின்றது.

அத்தை கெட்டவள் இல்லை. எங்களுக்குச் சோறு போட்டாள், அம்மாவின் தட்டில் மீனை எடுத்து வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும்தான் அம்மா கேட்டாள்.

"அண்ணி, நான் இவனைக் கூட்டினு போக வந்திருக்கேன். எனக்கு இப்போ சரியாயிடுச்சு."

அத்தை தட்டுகளை ஓரமாகத் தள்ளினாள். தம்பி அவள் தோளில் தூங்கிப்போயிருந்தான். அவள் குரல் இறங்கியிருந்தது. அப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை.

"எடுத்துனு போம்மா. உன் பிள்ளை. நான் வேணாம்னு சொல்ல முடியுமா? ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. மறுபடி அது வராதுன்னு சொல்லு. இவன் தலைமேல கை வச்சுச் சொல்லு."

அம்மா கையை நீட்டினாள். தம்பியின் தலைக்குப் பக்கம் வரை போன கை அங்கேயே நின்றது. அவள் வாய் திறந்தது. பொய் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யாரால் என்ன செய்திருக்க முடியும்?

"எனக்குத் தெரியல அண்ணி," என்றாள் அம்மா.

திரும்பும் ரயிலில் அவள் அழவில்லை. கிலுகிலுப்பையை அங்கேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

தம்பி அங்கேயே வளர்ந்தான். அத்தையை அம்மா என்றான், எங்கள் அம்மாவை மாமி என்றான். பண்டிகைக்கு வருவான், கேக் தின்பான், போவான். யாருக்குப் பிறந்தோம் என்பது அவனுக்குத் தெரியும், எங்கள் குடும்பத்தில் அது ரகசியம் இல்லை. ஏன் போனான் என்பதுதான் ரகசியம். அத்தைக்குப் பிள்ளை இல்லாததால் கொடுத்தோம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். எவ்வளவு பெரிய மனசு என்று ஊரார் அம்மாவைப் புகழ்ந்தார்கள். அவள் வீட்டிலேயே டியூஷன் எடுக்கப் பார்த்தாள், யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. பிறகு தையல் மெஷினில் உட்கார்ந்தாள். வருஷங்கள் போயின.

என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது அம்மாவுக்கு அல்சர் இருந்து குணமானது என்றுதான் சொன்னோம்.

நான் உண்டாகி ஏழாம் மாதம் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா ரிட்டயராகியிருந்தார். ஒருநாள் மத்தியானம் அம்மா கடைக்குப் போயிருந்தபோது என் கட்டிலருகே வந்து நின்றார்.

"உனக்குப் பிறந்தப்புறம் தூக்கம் வரலைன்னாலோ, அழுகை வந்தாலோ உடனே சொல்லணும். மறைக்கக் கூடாது. டாக்டர் அப்பவே சொன்னாரு, இது வீட்டுல தொடரலாம்னு."

"அம்மாவைப் பத்தி வேற என்ன சொன்னாரு?"

எனக்கு இருந்த பயத்தில்தான் கேட்டேன். அவரும் என்னை நினைத்து வந்த பயத்தில்தான் சொல்லிவிட்டார்.

"குணமாயிட்டாங்க, இன்னொரு பிரசவம்னாதான் ஜாக்கிரதையா இருக்கணும். இப்போ பயமில்ல, நாங்க பார்த்துக்கறோம், குழந்தையை அவங்ககிட்டயே குடுங்கன்னாரு. அவங்களுக்கும் அதான் நல்லதுன்னாரு."

"இது அம்மாவுக்குத் தெரியுமா?"

அப்பா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "சொன்னா உடனே அவனைக் கூட்டினு வரணும்னு சொல்லுவா. எனக்கு தைரியம் இல்லம்மா. அந்த மூடியைப் பார்க்கறப்பல்லாம் எனக்கு..."

அவர் மிருகம் இல்லை. பயந்த மனிதர். எங்கள் வீட்டில் எல்லாரும் பயந்துதான் ஒவ்வொன்றையும் செய்தார்கள். அந்தப் பயத்தையெல்லாம் சேர்த்து ஒருத்தி சுமந்தாள்.

நான் அம்மாவிடம் சொன்னேன். அன்று சாயங்காலமே சொன்னேன். அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பாதி உரித்த காய் கையிலேயே இருக்க, சுவரைப் பார்த்தாள். அப்பாவைக் கூப்பிட்டாள். "அப்பவே தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். அவர் தலையசைத்தார். அடுப்பு அன்று எரியவில்லை. நான்தான் கடையில் இட்லி வாங்கி வந்தேன்.

மறுநாள் முதல் ரயிலில் தனியாகக் கே.ஜி.எஃப் போனாள். பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலருகே நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பியிடம் எல்லாம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"இல்ல. சொல்லணும்னுதான் போனேன். உங்க அத்தைக்குக் கண்ணு சரியா தெரியல. பேப்பரை அவன் படிச்சுக் காட்டிட்டிருந்தான். அவங்க ஒரு வார்த்தை புரியலைன்னா அவன் நிறுத்தி நிறுத்திச் சொல்றான்." செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். "அவனுக்கு இருக்கறது ஒரே அம்மா. அவளையும் நான் போய்ப் பிடுங்கவா?"

அப்பா உள்ளறையில் இருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும்.

எனக்குப் பெண் பிறந்தது. மறுநாள் காலை வார்டில் டாக்டரம்மா சுற்றி வந்தார். என் கட்டிலைச் சுற்றி என் மாமியார், நாத்தனார், கணவர். பக்கத்துக் கட்டில்களிலும் ஆட்கள். ரத்த அழுத்தம் பார்த்தார், தையலைப் பார்த்தார், எல்லாம் நார்மல் என்று நகரப் போனார். அப்போது சுவரோரம் நின்றிருந்த அம்மா முன்னால் வந்தாள். கூட்டத்தில் அவள் பேசி நான் எத்தனையோ வருஷம் கேட்டதில்லை.

"டாக்டர், எனக்குப் பையன் பிறந்தப்போ மனசு கெட்டுப்போச்சு. பிள்ளையோட செத்துடப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில வச்சு மாத்திரை குடுத்து குணப்படுத்தினாங்க. என் பொண்ணைப் பார்த்துக்குங்க."

யாரோ ஸ்பூனைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா திரும்பினார். என் மாமியாரின் முகம் கறுத்தது, நாத்தனாரின் கை அவர் கையைப் பிடித்தது. அம்மா அவர்கள் இருவரையும் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு டாக்டரம்மாவின் பக்கம் திரும்பி, சொன்னதையே முதலிலிருந்து இன்னொரு முறை சொன்னாள், இன்னும் கொஞ்சம் சத்தமாக.